வருசம் பாத்து வாங்கோணும்

ஏனுங்க, சன்னலோரம் உக்காந்திருக்கறீங்க, ஒரு ஒதவி பண்ணுங்க. சித்தெ தலைய வெளிய நீட்டி, பின்னால ஒரு வெள்ளக் காரு வருதான்னு பாத்துச் சொல்லுங்க. பாத்து, பாத்து, எதுக்கால லாரி வருது. வருதுங்களா? முன்னால எலுமிச்சங்கா கட்டித் தொங்குதா? அதேதானுங்க.

பயந்துக்காதீங்க. கடங்காரனும் இல்ல, போலீசும் இல்ல. அது எங்க ஊட்டுக் காருதான். ஓட்டிக்கிட்டு வர்றது எம்பட சம்சாரம், மரகதம். ரெண்டு பேரும் ஒரே கண்ணாலத்துக்குத்தான் தாராபுரம் போறம். அவ காருல, நான் பஸ்ஸுல.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. காத்தால அவதான் எனக்கு இட்லி வெச்சா. நாந்தான் சீர்த் தேங்காயெல்லாம் தூக்கி டிக்கியில வெச்சுக் குடுத்தேன். அப்பறம் நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன், அவ எம் பின்னாலயே காரை உருட்டிக்கிட்டு வந்தா. திருப்பூருல பாத்தவங்களுக்கெல்லாம் என்னமோ ஊர்கோலம் போறமாட்ட இருந்திருக்கும். காரணம் ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் காரு பதினாலு மாடலு.

என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க? ரெண்டாயிரத்திப் பதினாலுங்க. பழைய காரு வாங்கறவன் மொதல்ல பாக்க வேண்டியது வருசந்தான். கலரு அப்பறம். டயரு அப்பறம். எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்குதுங்கறது ஆகக் கடசி, அதத் திருப்பி வெக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்கறாங்க. வருசத்த மட்டும் ஒருத்தனும் திருப்ப முடியாது.

எம்பேரு தெய்வசிகாமணிங்க. பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசர். தையல் முடிஞ்சு வர்ற ஒவ்வொரு பீசையும் வெளிச்சத்துல விரிச்சுப் பாக்கோணும். எங்க தையல் விட்டிருக்குது, எங்க எண்ணெக் கற இருக்குதுன்னு கண்டுபுடிச்சு, அந்த எடத்துல ஒரு செவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டோணும். இதாம் பாருங்க, சட்டப் பையிலயே ஒரு சுருள் இருக்குது. நீங்க உக்காந்திருக்கற சீட்டுல கூட ஒண்ணு ஒட்டியிருக்கறேன், ரெக்சின் கிழிஞ்சிருக்குது. நீங்க ஏர்றதுக்கு முந்தியே ஒட்டிட்டேன். ஒரு பழக்கம்.

நாங்க பீசு பீசாப் பாத்தாலும், மனசுக்குள்ள லாட்டா, ஒண்ணாத் தெச்சு வந்த கட்டாத்தானுங்க பாக்கறது. ஒரு லாட்டுல நாலு பீசு கெட்டுருந்தா அந்த லாட்டு முச்சூடும் சந்தேகந்தான். காருக்கு லாட்டுன்னா என்ன? வருசம். இதக் கண்டுபுடிச்சது நாந்தான். யாரும் எனக்குச் சொல்லித் தருல.

அப்பத் தேட ஆரமிச்சேனுங்க. நாலு கதவு, பின்னால டிக்கி, பொண்டாட்டி புள்ளையோட குடும்பமா உக்காந்து போறாப்பல ஒரு காரு. எங்க பாப்பா அப்ப ரெட்டச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்துச்சு. இப்ப மெட்ராசுல வேல பாக்குது. தேடறதுன்னா அப்பிடித் தேடோணுங்க.

கேளுங்க. புது மாடல் வந்த மொத வருசம் இருக்குது பாருங்க, அத வாங்கவே கூடாது. மொத தோச கல்லுல ஒட்டும். சரி, கடசி வருசம் வாங்கலாமான்னு கேப்பீங்க. அதுவும் கூடாது. ஆர்டர் முடியப் போகுதுன்னு தெரிஞ்சா டைலருக்குக் கை ஓடாது, பேச்சுத்தான் ஓடும். அந்தப் பேச்சு தையல்ல தெரியும். அப்ப நடு வருசம். நடுவுல பதினஞ்சு எடுத்தா, அந்த வருசந்தான் மெட்ராசுல வெள்ளம். முங்குன காரெல்லாம் கழுவித் தொடச்சு மேக்க அனுப்பிட்டாங்கன்னு பேச்சு. பதினாறு லீப்பு வருசம். பிப்ரவரியில ஒரு நாள் சேத்தி வேல, சம்பளம் அதே மாசச் சம்பளம். அந்தக் கடுப்புல ஒருத்தன் போல்ட்ட ஒழுங்கா முறுக்குவானுங்களா? வருசக் கடசியில நோட்டு செல்லாதுன்னாங்க, அத்தன பேரும் பேங்கு வாசல்ல நின்னாங்க, காரை ஆருங்க பூட்டுனது? பதினேழுல ஜிஎஸ்டி. எங்க கம்பெனியிலயே பில்லுப் போடத் தெரியாம மொதலாளி தலையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தாரு.

பதினெட்டுல ஒரு குத்தமும் இல்லீங்க. நானும் தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணும் சிக்கல. புரோக்கர் சலீம் பாய்கிட்டச் சொன்னேன், பாய், பதினெட்டு மாடல் கொண்டாங்கன்னு. கொண்டாந்தாரு. தங்கமாட்ட இருந்துச்சு. பாய் சாவியக் கையில குடுத்தாரு. நான் கேட்டேன், "பாய், இத்தன நல்ல வருசத்து வண்டிய எதுக்கு ஒருத்தன் விக்கறான்?" பாய் சாவியத் திருப்பி வாங்கிக்கிட்டாரு. நல்ல வருசத்து வண்டி நல்லா இருந்தா, அது அவன் ஊட்டுலயல்ல நிக்கோணும்? சந்தைக்கு வருதுன்னாலே அதுல என்னமோ இருக்குதுன்னுதானுங்க அருத்தம்.

கொடுவாயிங்களா இது? ஆளெறக்கறான். சித்தெ எட்டிப் பாருங்க, அவ நின்னுட்டாளா? நின்னுட்டாளா. ஆரன் அடிக்கறா பாருங்க, அது எனக்குத்தான். நான் திரும்ப மாட்டேன். நீங்க வேண்ணா கைய ஆட்டுங்க.

அவ நெனச்சா இந்த பஸ்ஸை எப்பவோ தாண்டிப் போயிருக்கலாமுங்க. போக மாட்டேங்கறா. ஏன்னு ரோசன பண்ணிப் பாத்தீங்களா? பயம். நடுரோட்டுல காரு நின்னு போச்சுன்னா, முன்னால போற பஸ்ஸுல புருசன் இருக்கறான்னு ஒரு தைரியம். பதினாலு மாடல அவளே நம்புல. வாயில சொல்ல மாட்டா, அவ்வளவுதான்.

அவ இந்தக் காரை எப்பிடி வாங்குனான்னு கேளுங்க. நான் தேடிட்டிருக்கறப்பவே அவ பொட்டாட்ட, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம, டிரைவிங் ஸ்கூலு போயி லைசென்சு எடுத்துட்டா. ஊட்டுல காரே இல்ல, லைசென்சு எதுக்கு? அரிசி டப்பாவுல போட்டு வெச்சிருந்தா. நான் ஒவ்வொரு வருசமா வேண்டாம்னு வந்து சொல்லச் சொல்ல, "சரிங்க"ம்பா. மறு பேச்சே இருக்காது. நானும் நம்ம பேச்சுல ஞாயம் இருக்கறதுனாலதான் சம்மதிக்கறான்னு இருந்தேன். போன வருசம் ஒரு நாள் வேல முடிஞ்சு வர்றேன், வாசல்ல இந்தக் காரு நிக்குது. சக்கரத்துல எலுமிச்சங்கா நசுங்கிக் கெடக்குது. அவ ஒரு டம்ளரு காப்பி கொண்டாந்து குடுத்தா.

என்ன மாடலுன்னு கேட்டேன். "பதினாலுங்க"ன்னா.

நான் டம்ளரக் கீழ வெச்சுட்டேன். ஏன்னா அந்தக் காருக்கு மூஞ்சிய மாத்துன வருசமே பதினாலுதானுங்க! புது முன்பக்கம், புது வெளக்கு, எல்லாமே புதுசு. மொத தோச! மத்த வருசமெல்லாம் சந்தேகந்தான், இது நிச்சயம். சலீம் பாய்கிட்டப் போயி, "ஏன் பாய், பொம்பள ஏமாந்தா எதையாச்சும் தலையில கட்டிருவீங்களா?"ன்னு சத்தம் போட்டேன். பாய் தலையில அடிச்சுக்கிட்டாரு. "நான் பதினஞ்சு காட்டுனேன், பதினேழு காட்டுனேன். பாப்பாவோட அம்மாதான் பதினாலு இருந்தாக் காட்டுங்க, இல்லீன்னா காத்திருக்கறேன்னு சொல்லிப் போட்டாங்க. வேற வருசத்த ஏறெடுத்தும் பாக்குல"ன்னாரு. கலரப் பாத்திருப்பா. வெள்ளன்னா அவளுக்கு உசுரு.

சரி, வாங்கியாச்சு, ஜாதகமாச்சும் பாப்போம்னு ஜோசியர்கிட்டப் போனேன். சிரிக்காதீங்க. பொண்ணுக்கும் பையனுக்கும் பாக்கறம், நெதமும் உசுர நம்பி ஏர்ற வண்டிக்குப் பாக்க வேண்டாமா? பதிவு பண்ணுன தேதியச் சொன்னேன். அவரு சொன்னாரு, "அது பேர் வெச்ச நாளுங்க, பொறந்த நாள் வேணும்." ஞாயந்தான. கம்பெனிக்குப் போன் போட்டு, இந்த வண்டி எந்தத் தேதியில எத்தன மணிக்கு வெளிய வந்துச்சுன்னு கேட்டேன். அந்தப் புள்ள ரெம்ப மரியாதையாப் பேசுச்சு, ஆனா நேரம் சொல்லத் தெரியல. மாசந்தான் சொல்லுச்சு. ஜோசியரு ஒரு மாதிரி கணக்குப் போட்டுட்டு, "காரு ஆணா பொண்ணா?"ன்னாரு. நான் ஆர்சி புக்கப் பொரட்டிப் பாத்தேன். "ஆணுன்னே வெச்சுக்கலாம்"னு அவரே சொல்லி, மரகதத்துக்கும் காருக்கும் பாத்தாரு. அத்தனையும் உத்தமம்! ஒரு பொருத்தம் கொறையுல. எனக்கும் மரகதத்துக்கும் கூட அத்தன பொருத்தம் இல்லீங்க.

அப்பறம் எனக்கும் காருக்கும் பாக்கச் சொன்னேன். "உங்களுக்கு இது வேண்டாங்க, விட்டுருங்க"ன்னாரு.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். வண்டிய டெஸ்ட்டுல வெக்கறதுன்னு. எங்க கம்பெனியில புதுத் துணி வந்தா நாலஞ்சு தடவ தொவச்சுப் பாத்துட்டுத்தான் ஆர்டருக்கு எடுப்பாங்க. டெஸ்ட்டுல இருக்கற பீச ஆராச்சும் மாட்டிக்கிட்டு ஊருக்குப் போவாங்களா? நான் ஏறுல. அவ ஏர்றா. பக்கத்து ஊட்டுக்காரம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறா, அவங்கம்மாவப் பழனிக்குக் கூட்டிட்டுப் போறா, தெருவுல இருக்கற பொம்பளைங்களையெல்லாம் ஏத்திக்கிட்டுத் துணி எடுக்கப் போறா. பாட்டுப் போட்டுக்கிட்டுப் போறாளுங்க! நான் வேலைக்கு மொபெட்டுல போவேன். மழ வந்தா நனைவேன். கொள்கைன்னு ஒண்ணு இருக்குதல்ல.

நான் சும்மா இருந்துட்டேன்னு நெனைக்காதீங்க. சாயந்தரம் ஊட்டுக்கு வந்ததும் டார்ச்ச எடுத்துட்டுக் காரைச் சுத்தி ஒரு செக்கிங். பின் சீட்டுல ஒரு தையல் விட்டிருந்துச்சு, அம்பு ஒட்டுனேன். எடது கதவு ரப்பர்ல ஒரு பிசிறு, அம்பு. பம்பருல மயிராட்ட ஒரு கீறல், அம்பு. அதெல்லாம் அவ பிச்சுப் போடல. அப்பிடியே ஓட்டிட்டுப் போறா. கடைவீதியில கேக்கறாங்களாமா, ஏனக்கா காருக்கு அம்மை போட்டிருக்குதான்னு.

ஒரு நாள் கம்பெனிக்குப் போறேன், எல்லாப் பசங்களும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறானுங்க. என்னடான்னு பாத்தா எஞ்சட்ட முதுகுல ஒரு செவப்பு அம்பு. துணி தொவைக்கற மிஷின்ல எங்கியோ ஒட்டியிருக்கும்போல. மிஷினையும் பாக்கோணும், எந்த வருசத்து மிஷின்னு.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், மனசறிஞ்சு சொல்லுங்க. வாங்கி ஒரு வருசம் ஆச்சு. ஒரு ரிப்பேரு இல்ல. ஒரு பஞ்சர் கூட ஆகுல. மழையில நின்னாலும் சாவி போட்ட ஒடனே எடுக்குது. இது சந்தேகமா இல்லீங்களா? ஒரு வண்டின்னா சின்னதா எதாச்சும் காட்டோணும். எதுவுமே காட்டுலைன்னா உள்ளுக்குள்ள எதையோ பெருசா வெச்சுக்கிட்டு நேரம் பாத்துட்டிருக்குதுன்னு அருத்தம். ராத்திரியில அத நெனச்சாத் தூக்கம் வர்றதில்லீங்க. எனக்கொண்ணும் இல்ல. ஓட்டறது அவ. உள்ள இருக்கறது அவ. அந்த வெசனம் அவளுக்கு எங்க புரியுது?

குண்டடம் தாண்டிட்டமா? அப்ப சரியாப் போயிரும். ஒம்பது மணிக்கு முகூர்த்தங்க. எங்கக்கா மக கீர்த்தனாவுக்குக் கண்ணாலம். நாந்தான் தாய்மாமன். நான் மால போட்டுக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் பொண்ணு மணவறைக்கு வரும். அந்தப் புள்ள எம்மடியிலதாங்க காது குத்திக்கிச்சு. என்னை அப்பிடிக் கடிச்சு வெச்சுது, இந்தாப் பாருங்க, தழும்பு இன்னும் இருக்குது. நேத்துக் கூடப் போன்ல, "மாமா, நேரத்துல வந்துருவீங்கல்ல, வருசம் பாத்துட்டு நின்னுராதீங்க"ங்குது. போக்கிரிப் புள்ள.

மாலையுஞ் சீர்த்தட்டும் காருலதான் இருக்குது. பஸ்ஸுல கொண்டாந்தா நசுங்கிப் போயிருமல்ல.

என்னங்க சத்தம்? கேட்டீங்களா? டமால்னு! நாஞ் சொன்னனா இல்லியா? ஒரு வருசமா வெச்சுக்கிட்டிருந்துச்சு, நல்ல நாளும் அதுவுமாக் காட்டிருச்சு பாருங்க! மரகதம்! ஏனுங்க, பாருங்க, அவளுக்கு ஒண்ணும் ஆகுலையே? பொகை வருதா?

என்னது? நம்ம பஸ்ஸா?

ஓரங்கட்டறான். அட, பொகையும் நம்முளுதுதானா? ஏனுங் கண்டக்டர், இது எந்த வருசத்து வண்டி? அவரு எதுக்குங்க அப்பிடி மொறைக்கறாரு, சாதாரணமாத்தான கேட்டேன். எறங்கச் சொல்றாரு, வாங்க எறங்குவம். அடுத்த பஸ்ஸு எப்பன்னு கேளுங்க. தெரியாதா? இந்த பஸ்ஸு மாடல நான் விசாரிக்காம ஏறுனது தப்புத்தான். ஆனா பஸ்ஸு நம்ம சொத்து இல்லையேன்னு இருந்துட்டேன்.

அவ வந்து நிறுத்திட்டா. ஆரன் கூட அடிக்கல. கதவ மட்டும் உள்ள இருந்து தொறந்து விடறா பாருங்க. மணி எட்டு ஆகப்போகுது. அந்தப் புள்ள வாசலப் பாத்துட்டு நிக்கும்.

இல்லீங்க, நான் ஏறுல. அதாவது, ஏர்றேன், ஆனா ஏறுனதா ஆகாது. சீர்த்தட்டு சரிஞ்சிரும், புடிக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமல்ல. நான் பின்னால தட்டப் புடிச்சுட்டு உக்காந்துக்கறேன். நீங்களும் தாராபுரந்தான, வாங்க. முன்னால உக்காருங்க. கூச்சப்படாதீங்க. மரகதம், இவரு நம்ம கூட பஸ்ஸுல வந்தவரு. வெவரமான மனுசன், எல்லாஞ் சொல்லியிருக்கறேன்.

அட, இந்த அம்பு இன்னும் இங்கதான் இருக்குதா. நாலு மாசத்துக்கு முந்தி ஒட்டுனது.

அம்முணி, மெதுவாப் போ. சரி, சரி, நேரமாச்சு, போ. குழி... பாத்துட்டா. லாரி... அதையும் பாத்துட்டா. நான் இவ ஓட்டிப் பாத்ததே இல்லீங்க. இதான் மொதத் தடவ. வளையல மேல ஏத்தி விட்டுக்கிட்டு எப்பிடித் திருப்பறா பாருங்க, மாவாட்டறாப்பல. சத்தமே இல்ல. எதுக்கு அம்முணி அந்தக் கண்ணாடியத் திருப்பற? எம்மூஞ்சி தெரியறதுக்கா? ரோட்டப் பாரு.

ஏனுங்க, நீங்க என்னங்க அவகிட்டப் போயி அதக் கேக்கறீங்க? எதுக்குங்கக்கா பதினாலு மாடல்தான் வேணும்னீங்கன்னு கேட்டா, அவ என்ன சொல்லுவா, கலருன்னுதான் சொல்லுவா. நானே அதக் கேட்டதில்லீங்க. கேக்கோணும்னு தோணுனதே இல்ல.

என்னது? சத்தமாச் சொல்லு மரகதம், காத்துல கேக்குல.

கேட்டீங்களா அவ சொன்னத? அந்த வருசந்தான் நான் மொதமொதல்ல காரு வாங்கலாம்னு சொன்னனாமா.

ஆமாங்க. ஐப்பசி மாசம். அடைமழ. அவங்கம்மா ஊட்டுல இருந்து மொபெட்டுல வந்துட்டிருந்தம். பாப்பா நடுவுல, தூங்கித் தூங்கி விழுகுது. அவ பின்னால ஒரு கையில கொடை, ஒரு கையில பாப்பா. கொடை திருப்பிக்கிச்சு. மூணு பேரும் தொப்புத் தொப்புனு நனைஞ்சு போயிட்டம். நாந்தாஞ் சொன்னேன், அம்முணி, இந்த வருசமே ஒரு காரு வாங்கிப் போடலாம்னு. அவ கொடைய வீசிப் போட்டுட்டு எந்தோள இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

அந்த வருசத்தையே புடிச்சுட்டு இருந்திருக்கறாளுங்க. நான் எந்த வருசம் எந்த வருசம்னு ஊரெல்லாம் தேடிட்டிருந்தேன்.

மரகதம், சித்தெ ஓரங்கட்டு. ஒண்ணுமில்ல, ஒரு நிமிசம். ஏனுங்க, நீங்க தப்பா எடுத்துக்காம பின்னால வந்துக்கறீங்களா? இந்தத் தட்ட மடியில வெச்சுக்குங்க. மால நசுங்காமப் பாத்துக்குங்க. நான் முன்னால உக்காந்துக்கறேன். சரி, போலாம், போ, அந்தப் புள்ள காத்துட்டு நிக்கும்.

பெல்ட்டா? போட்டுக்கறேன், போட்டுக்கறேன். இந்தா, இந்தப் பெல்ட்டு ஓரத்துல ஒரு தையல்...

ஒண்ணுமில்ல அம்முணி. நீ ரோட்டப் பாத்து ஓட்டு.